புதுப்பித்த பின் இரண்டே கால் நிமிடம்: ஒரு டெபியன் கணினியின் பூட் தாமதம்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கணினி, எங்கள் தெருமுனையில் உள்ள ஜெராக்ஸ் கடையின் பழைய டெஸ்க்டாப். 4 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி, யுஇஎஃப்ஐ என்ற புதிய வகைத் தொடக்க மென்பொருள் இல்லாத பயாஸ் போர்டு, அதில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம். சான்றிதழ் விண்ணப்பம் நிரப்புவது, ஸ்கேன் செய்வது, மாணவர்களின் புராஜெக்ட் அச்சடிப்பது என்று கடையின் வேலை முழுவதும் அந்த ஒரு கணினியின் மேல்தான் நடக்கிறது. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மின்சாரம் போய்வரும் பகுதி. யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும். ஆகவே அந்தக் கணினி பூட் ஆகும் நேரம் என்பது, வாடிக்கையாளர் கையில் தாளோடு நிற்கும் நேரம்.

ஒரு ஞாயிறு மாலையில் அதை டெபியன் 12-க்கு மேம்படுத்தினேன். மேம்படுத்தல் பிழையின்றி முடிந்தது, கணினி மறுபடி எழுந்தது, அச்சுப்பொறி வேலை செய்தது, நான் கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை கடைக்காரர் அழைத்தார். "தம்பி, அப்டேட் போட்டதுல இருந்து ஆன் ஆகவே ரொம்ப நேரம் ஆகுது. முன்னாடி டீ ஆத்துறதுக்குள்ள வந்துடும், இப்ப குடிச்சு முடிச்சாலும் வரல." அவர் சொன்னதில் இரண்டு செய்திகள் இருந்தன: தாமதம் உண்மை என்பது ஒன்று, அதற்குக் காரணம் அப்டேட் என்பது மற்றொன்று. முதலாவதை அளந்து பார்த்து உறுதிசெய்தேன். இரண்டாவதை நானும் அளக்காமலேயே நம்பினேன். அந்த நம்பிக்கையால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தவறான இடங்களில் தேடினேன்.

முதல் அளவு

பூட் மெதுவாகிவிட்டது என்று யார் சொன்னாலும் முதலில் இயக்க வேண்டிய கட்டளை சிஸ்டம்டி-அனலைஸ். சிஸ்டம்டி என்பது பின்னணியில் ஓடும் சேவைகளைத் தொடங்கிவைக்கும் நிரல். எந்த விருப்பமும் சேர்க்காமல் இயக்கினால், மொத்த நேரத்தை அது கட்டங்களாகப் பிரித்து ஒரே வரியில் தரும். யுஇஎஃப்ஐ கணினிகளில் ஃபர்ம்வேர், பூட்லோடர் ஆகியவற்றின் நேரமும் வழக்கமாக அதில் இருக்கும். இந்தப் பழைய போர்டில் இயங்குதளத்தின் மையமான கர்னல், அதன் மேல் ஓடும் மற்ற நிரல்களான யூசர்ஸ்பேஸ் என்ற இரண்டு மட்டுமே வந்தன. கர்னலுக்கு 35.6 நொடி, யூசர்ஸ்பேஸுக்கு 1 நிமிடம் 38.9 நொடி, மொத்தம் 2 நிமிடம் 14.5 நொடி.

இந்த ஒரு வரியே பாதி நோயறிதல் என்பதை இப்போது பார்க்கும்போது உணர்கிறேன். எஸ்எஸ்டி உள்ள கணினியில் கர்னல் கட்டம் 35 நொடி பிடிப்பது இயல்பே அல்ல. யூசர்ஸ்பேஸ் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுவதும் இயல்பல்ல. இரண்டு கட்டங்களிலும் நேரம் கூடியிருக்கிறது என்றால், ஏதோ ஒரு சேவை மட்டும் மெதுவாகிவிட்டது என்று கருத இடமில்லை, ஏனெனில் கர்னல் கட்டம் ஓடும்போது சேவைகள் எவையும் தொடங்கியே இருக்காது. டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ், அதாவது டிஸ்க்கில் உள்ள இயங்குதளம் தயாராகும்வரை நினைவகத்தில் ஓடும் தற்காலிகச் சிறு அமைப்பு, செலவிடும் நேரமும் கர்னல் கணக்கில்தான் சேர்கிறது என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அங்கே சிஸ்டம்டி இல்லாமல் ஷெல் ஸ்கிரிப்டுகளே வேலை செய்வதால், சிஸ்டம்டி தொடங்கும்வரை கழிந்த அத்தனையும் கர்னல் என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடுகிறது. இதை மறந்தால், கர்னல் மெதுவாக இருக்கிறது என்று தவறாக முடிவு கட்ட நேரும். எனக்கு அதுதான் நேர்ந்தது.

டெபியன் 12-இன் கர்னல் 6.1, அதற்கு முன் இருந்தது 5.10. பழைய கர்னல் நீக்கப்படாமல் இருந்ததால், எந்தக் கர்னலை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் பட்டியலின் மேம்பட்ட விருப்பங்களுக்குள் சென்று 5.10-ஐத் தேர்ந்து பூட் செய்தேன். நேரம் இம்மியும் குறையவில்லை. புதிய கர்னல் காரணமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனாலும் அதை அந்த அளவோடு ஏற்றுக்கொண்டு, மேம்படுத்தலில் வந்த வேறு ஏதோ ஒரு சேவைதான் குற்றவாளி என்று அடுத்த சந்தேகத்துக்குத் தாவினேன்.

பட்டியலில் இல்லாத பெயர்

சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையோடு பிளேம் என்பதைச் சேர்த்தால், ஒவ்வொரு யூனிட்டும் (சிஸ்டம்டி கையாளும் சேவை, சாதனம் போன்றவை) தொடங்க எடுத்துக்கொண்ட நேரத்தை இறங்குவரிசையில் தரும். எங்கள் பட்டியலின் தலையில் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் சேவை ஏழு நொடிகளோடு நின்றது. இணையத்தில் இந்தச் சேவையைப் பற்றித் தேடினால், அதை முடக்கிவிடுங்கள் என்ற ஆலோசனையே முதலில் கிடைக்கும். நானும் முடக்கினேன், மீண்டும் பூட் செய்தேன். யூசர்ஸ்பேஸ் நேரத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை.

அது குறையாததற்குத் தெளிவான காரணம் உண்டு. சிஸ்டம்டி சேவைகளை ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகத் தொடங்குகிறது. பிளேம் தரும் எண்களைக் கூட்டினால் பூட் நேரம் வராது. ஒரு சேவை ஏழு நொடி எடுத்தாலும், லாகின் திரை அதற்காகக் காத்திருக்காவிட்டால் அந்த ஏழு நொடிகள் யாரையும் தாமதப்படுத்துவதில்லை. இந்தக் கடையில் பக்கத்து அறைக் கணினியிலிருந்து வலையிணைப்பு வழியே பகிரப்படும் என்எஃப்எஸ் கோப்புறை ஒன்று பூட் ஆகும்போதே இணைக்கப்படுகிறது. வலையிணைப்பு உறுதியான பிறகே அது இணைய வேண்டும், அதற்காகத்தான் அந்தச் சேவை காத்திருக்கிறது. முடக்கியதை உடனே பழையபடி இயக்கினேன். காரணம் தெரியாமல் ஒரு சேவையை முடக்குவது, பிற்பாடு வேறொரு நாளில் கோப்புறை காலியாகத் தெரிகிறது என்ற புதிய புகாராகத் திரும்பி வரும்.

ஏழு நொடிதான் பெரிய எண் என்றால், மீதி ஒன்றரை நிமிடம் எங்கே போயிற்று? பிளேம் பட்டியலைக் கீழே வரை படித்தேன். எல்லாம் ஒரு நொடி, அரை நொடி, அதற்கும் கீழ். இந்த இடத்தில்தான் அந்தப் பட்டியலின் இயல்பை நினைவுபடுத்திக்கொண்டேன்: தொடங்கி முடித்த யூனிட்டுகளின் நேரத்தைத்தான் அது காட்டுகிறது. எதற்காகவோ காத்திருந்து, அது கடைசிவரை வராமலே போயிருந்தால், வராத அந்தப் பொருளின் பெயர் அதில் இருக்காது. வகுப்புக்கு வந்தவர்களின் பெயர்களை மட்டும் எழுதிய தாளில், வராதவர் யார் என்று தேடியதைப் போலத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

கிரிட்டிக்கல்-செயின் என்ற அடுத்த கட்டளை இதை வேறு விதமாகக் காட்டியது. லாகின் திரையிலிருந்து பின்னோக்கி, எது எதற்காகக் காத்திருந்தது என்ற சங்கிலியை அது தருகிறது. ஒவ்வொன்றும் எந்த நொடியில் தயாரானது என்பதும் பக்கத்திலேயே இருக்கும். சங்கிலியின் அடிப்பகுதியில் இருந்தவை எல்லாம் முதல் இரண்டு நொடிகளுக்குள் முடிந்திருந்தன. அதற்கு மேலே, அடிப்படைத் தொடக்க வேலைகள் முடிந்ததைக் குறிக்கும் மைல்கல்லான சிஸ்இனிட் டார்கெட் 1 நிமிடம் 31-ஆவது நொடியில் நின்றது. நடுவே ஒன்றுமே இல்லை. தொண்ணூறு நொடி அளவுக்கு ஒரு வெற்றிடம்.

தொண்ணூறு என்ற எண்

முப்பது, அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது. பூட் தாமதத்தில் இப்படி ஒரு முழு எண்ணைச் சுற்றி நேரம் நின்றால், கணினி அங்கே உழைத்துக்கொண்டிருக்கவில்லை, காலக்கெடு முடியும்வரை காத்துக்கொண்டிருக்கிறது என்றே முதலில் கருத வேண்டும் என்பது என் அனுபவம். உழைப்பின் நேரம் ஒவ்வொரு பூட்டுக்கும் கொஞ்சம் மாறும். டிஸ்க் வேகத்தைப் பொறுத்து 17.3 என்றும் 19.8 என்றும் வரும். காத்திருப்பின் நேரம் யாரோ ஒருவர் நிரலில் எழுதிவைத்த எண் என்பதால் மாறாது. சிஸ்டம்டியில் ஒரு சாதனத்துக்காகவோ சேவைக்காகவோ காத்திருக்கும் இயல்பான காலக்கெடு 90 நொடி. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் காத்திருப்பது 120 நொடி. இந்த எண்களை மனத்தில் வைத்திருப்பவருக்குப் பாதி வேலை குறைகிறது.

கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, கர்னல் வரியின் இறுதியில் இருந்த கொயட், ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்களையும் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் நீக்கினேன். அழகான சுழல் சின்னத்துக்குப் பின்னால் இத்தனை நாளும் மறைந்திருந்தது திரைக்கு வந்தது. முதலில் கர்னல் செய்திகள் விறுவிறுவென ஓடி, ஓரிடத்தில் நின்றன. கர்சர் மட்டும் கண்சிமிட்டியது. கைக்கடிகாரத்தில் அரை நிமிடம் கழிந்ததும், சஸ்பெண்ட்-ரெசியூம் சாதனத்துக்காகக் காத்திருப்பதைக் கைவிட்டதாக ஒரு வரி வந்தது. அதன்பின் சிஸ்டம்டி தொடங்கிப் பச்சை நிற ஓகே வரிகள் சில ஓடின. பிறகு சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஊசலாட, ஒரு நீண்ட யுயுஐடி எண் (டிஸ்க் பகுதியை அடையாளம் காட்டும் தனித்த எண்) கொண்ட சாதனத்தின் தொடக்கப் பணி நடந்துகொண்டிருப்பதாக ஒரு வரி. அதன் ஓரத்தில் நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன, எதிரே அதன் எல்லையாக 1 நிமிடம் 30 நொடி. எல்லை தொட்டதும் காலாவதி என்று அறிவிக்கப்பட்டது. அதைச் சார்ந்திருந்த ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் பகுதி) தோல்வி என்று அடுத்த வரி சொன்னது. கணினி மேலே நடந்தது.

சிஸ்டம்டியின் ஜர்னல்சிடிஎல் பதிவிலும் இதே வரிகள் இருந்தன. கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி வெளியீட்டில் கர்னல் கட்டத்தின் வெற்றிடமும் தெரிந்தது: எஸ்எஸ்டியின் மூன்று பார்ட்டிஷன்களும் மூன்றாவது நொடிக்குள் கண்டுகொள்ளப்பட்டிருந்தன, ஆனால் இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமை மவுண்ட் ஆனது, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டது, 34-ஆவது நொடியில்.

ஞாயிறு மாலையின் இன்னொரு வேலை

பிளாக்ஐடி கட்டளையை இயக்கி, கணினியில் உண்மையாக இருக்கும் பார்ட்டிஷன்களின் யுயுஐடிகளையும், பூட்டின்போது இணைக்க வேண்டிய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும், ஈடிசி கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதியிருந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரூட் பொருந்தியது, ஹோம் பொருந்தியது. ஸ்வாப் மட்டும் பொருந்தவில்லை. 36 எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. கோப்பில் இருந்தது 41 என்று தொடங்கியது, டிஸ்க்கில் இருந்தது 9சி என்று தொடங்கியது.

அப்போதுதான் ஞாயிறு மாலை மேம்படுத்தலுக்குச் சற்று முன் நான் செய்த வேலை நினைவுக்கு வந்தது. ரூட் பார்ட்டிஷன் 20 ஜிபி, அது நிரம்பும் நிலையில் இருந்தது. மேம்படுத்தலுக்கான தொகுப்புகளை இறக்கவே இடம் போதவில்லை. ரூட்டுக்கு அடுத்து 8 ஜிபி ஸ்வாப் இருந்ததால், ஸ்வாப்பை நிறுத்தி, அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, ரூட்டை 6 ஜிபி நீட்டி, மிஞ்சிய 2 ஜிபியில் மறுபடி ஸ்வாப் உருவாக்கினேன். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை இயங்கிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்க முடியும் என்பதால் இத்தனையும் ரீபூட் இல்லாமலே நடந்தது. எம்கே-ஸ்வாப் கட்டளை ஒவ்வொரு முறையும் புதிய யுயுஐடி தரும். புதிய ஸ்வாப்பைக் கையாலேயே இயக்கிவிட்டதால் அந்த நேரத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. எஃப்எஸ்டேப்பைத் திருத்த மறந்தேன். அதன்பின் மேம்படுத்தல், அதன்பின்தான் முதல் ரீபூட்.

ஆக, தாமதம் மேம்படுத்தலுக்குப் பின் தெரிந்தது என்பது சரி. மேம்படுத்தலால் வந்தது என்பது தவறு. டிஸ்க்கை மாற்றியதற்கும் அதன் விளைவு வெளிப்பட்டதற்கும் நடுவே மேம்படுத்தல் வந்து நின்றுகொண்டது, அவ்வளவுதான். பழைய கர்னலிலும் அதே தாமதம் இருந்ததன் காரணமும் இப்போது விளங்குகிறது: எஃப்எஸ்டேப் இரண்டு கர்னல்களுக்கும் பொது, பழைய யுயுஐடி இரண்டு இனிட்ராம்எஃப்எஸ்களிலும் இருந்தது.

ஒரே பிழை ஏன் இரண்டு இடங்களில் காத்திருக்க வைத்தது என்பதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். டெபியனின் நிறுவி, ஸ்வாப் பார்ட்டிஷன் இருந்தால் அதன் யுயுஐடியை இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸின் கான்ஃப்.டி கோப்புறையில் ரெசியூம் என்ற கோப்பிலும் எழுதி வைக்கிறது. கணினி ஹைபர்னேட் செய்யப்பட்டிருந்தால், அதாவது நிலையைச் சேமித்துவிட்டு அணைக்கப்பட்டிருந்தால், நினைவகத்தின் பிரதி ஸ்வாப்பில் இருக்கும். ரூட்டை மவுண்ட் செய்வதற்கு முன்பே அதைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தச் சாதனம் கண்ணில் படாவிட்டால் இனிட்ராம்எஃப்எஸ் 30 நொடி காத்திருந்து கைவிடும். அதன்பின் சிஸ்டம்டி வந்து எஃப்எஸ்டேப்பைப் படித்து, அதே இல்லாத சாதனத்துக்காக 90 நொடி காத்திருக்கும். சிஸ்இனிட் டார்கெட் ஸ்வாப் டார்கெட்டுக்குப் பின்பே நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு இருப்பதால், அதற்கு மேல் உள்ள அத்தனை சேவைகளும் அந்த 90 நொடியும் வாயிலில் நிற்கின்றன. ஸ்வாப் கட்டாயத் தேவை என்று அங்கே குறிக்கப்படாததால், காலக்கெடு முடிந்ததும் பூட் தொடர்கிறது. கணினி கடைசியில் எழுந்துவிடுவதும், ஆகவே பயனருக்கு மெதுவாக இருக்கிறது என்பது மட்டுமே தெரிவதும் இதனால்தான். ஸ்வாப்புக்குப் பதில் ஹோம் பார்ட்டிஷனின் யுயுஐடி தவறாக இருந்திருந்தால், நிலைமை இதைவிடக் கடுமை: கணினி எமர்ஜென்சி முறைக்குப் போய் ரூட் கடவுச்சொல் கேட்டு நின்றிருக்கும்.

சிஸ்டம்டிக்கு முந்தைய காலத்தில் இந்தப் பிழை இவ்வளவு விலை கேட்டதில்லை. டெபியன் 2015-இல் வெளியான 8-ஆம் பதிப்பில்தான் சிஸ்டம்டியை இயல்பான தொடக்க முறையாக ஏற்றது. அதற்கு முன் இருந்த ஸ்கிரிப்டுகள் ஸ்வாப்பை இயக்கிப் பார்த்து, இல்லையென்றால் ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நகர்ந்தன. இன்றைய முறையில் டிஸ்க்குகள் எந்த வரிசையில், எந்த நொடியில் தென்படும் என்பது முன்கூட்டியே தெரியாது. இல்லாத சாதனத்துக்கும் தாமதமாக வரும் சாதனத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காத்திருந்துதான் அறிய முடியும். ஆகவே அந்த 90 நொடியை நான் குறையாகக் கருதவில்லை. அதைப் பத்து நொடியாகக் குறைத்துவிடுங்கள் என்று தரப்படும் ஆலோசனை, நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலை மட்டும் தணிப்பதாகும். உண்மையிலேயே மெதுவாகத் தென்படும் ஒரு டிஸ்க் அடுத்து இணைக்கப்பட்டால், அந்தத் திருத்தமே புதிய கோளாறாகிவிடும்.

திருத்தம்

எஃப்எஸ்டேப்பில் ஸ்வாப் வரியின் யுயுஐடியைப் புதியதாக மாற்றினேன். சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுத்து, ஸ்வாப்ஆன் கட்டளையை அனைத்தும் என்ற விருப்பத்தோடு இயக்கி, 2 ஜிபி ஸ்வாப் எஃப்எஸ்டேப்பின் வழியாகவே ஏறுவதைக் கண்டேன். கையால் இயக்கிய ஸ்வாப்பை முதலில் நிறுத்திவிட்டுச் செய்தால்தான் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு.

ரெசியூம் கோப்பில் புதிய யுயுஐடியை எழுதுவதா, தேவையில்லை என்று குறிப்பதா என்பதில் சற்று யோசித்தேன். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் 2 ஜிபி ஸ்வாப்பை நம்பி ஹைபர்னேட் செய்வது உறுதியான வழி அல்ல. கடைக்காரர் அந்த வசதியைப் பயன்படுத்தியதும் இல்லை. ஆகவே ரெசியூம் என்பதற்கு எதிரே நன், அதாவது எதுவுமில்லை, என்ற மதிப்பைக் கொடுத்தேன். மடிக்கணினியாக இருந்து, ஹைபர்னேட் வழக்கமும் இருந்தால் புதிய யுயுஐடியைத்தான் எழுத வேண்டும். கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்கியாக வேண்டும். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை எல்லாக் கர்னல்களுக்கும் சேர்த்து இயக்கினேன். இல்லையென்றால் என்றாவது ஒரு நாள் பழைய கர்னலில் பூட் செய்ய நேரும்போது அந்த அரை நிமிடம் மறுபடி தலைகாட்டும்.

ரீபூட் செய்து அளந்தபோது கர்னல் 4.9 நொடி, யூசர்ஸ்பேஸ் 9.4 நொடி, மொத்தம் 14.3 நொடி. குறைந்தது 120.2 நொடி, இரண்டு காலக்கெடுகளின் கூட்டுத்தொகை 120. இந்தக் கணக்கு பொருந்தியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் பாதி மட்டும் குறைந்திருந்தால் வேறொரு காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். முடிந்த பிறகு, தொகுப்புகளை நிறுவும் கருவியான ஏபிடி-யின் டெர்ம் பதிவுக் கோப்பையும் திறந்து பார்த்தேன். மேம்படுத்தலின் நடுவே, ஆயிரக்கணக்கான வரிகளுக்கிடையில், டபிள்யூ என்ற எழுத்தோடு தொடங்கும் இரண்டு எச்சரிக்கைகள்: அமைப்பில் இந்த யுயுஐடி ரெசியூமுக்காகக் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் பொருந்தும் ஸ்வாப் சாதனம் எதுவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட மேம்படுத்தல்தான் தவறை முதலில் கண்டு எழுதியும் வைத்திருந்தது. மேம்படுத்தல் முடிந்ததும் அந்தக் கோப்பில் டபிள்யூ வரிகளை மட்டும் தேடிப் படிப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

புதுப்பித்தலே காரணமாகிவிடும் நேரங்களும் உண்டு என்பதால், அதற்கு ஒரு சான்றையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் கர்னலின் ரேண்டம் எண் பகுதியில் ஒரு பாதுகாப்புக் குறை திருத்தப்பட்ட பின், போதிய என்ட்ரபி (ஊகிக்க முடியாத தற்செயல் தரவு) சேரும்வரை, ரேண்டம் எண் கேட்கும் கெட்ரேண்டம் அழைப்பு முன்பைவிட நீண்ட நேரம் காத்திருக்கத் தொடங்கியது; டெபியன் 10-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே, பூட் தொங்கி நிற்பதுபோல் தோன்றலாம் என்ற எச்சரிக்கை இடம்பெற்றது. 2019 செப்டம்பரில் 5.3 கர்னல் வெளிவரும் தறுவாயில், ஈஎக்ஸ்டி4-இல் செய்த ஒரு நல்ல மேம்பாடு டிஸ்க் வாசிப்புகளைக் குறைத்ததால், அவற்றிலிருந்து கிடைக்கும் என்ட்ரபியும் குறைந்து, பூட் நின்றுபோவதாகப் புகார் வந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மேம்பாட்டைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று 5.3-ஐ வெளியிட்டார், 5.4-இல் கர்னல் தானே என்ட்ரபியை உருவாக்கிக்கொள்ளும் வழி சேர்க்கப்பட்டது. அந்த வகைத் தாமதத்தின் அடையாளமே வேறு: விசைப்பலகையைத் தட்டினாலோ மவுஸை அசைத்தாலோ பூட் விரைவுபடும், நேரமும் ஒவ்வொரு முறையும் மாறும். எங்கள் கணினியில் நேரம் நொடி பிசகாமல் ஒரே அளவில் நின்றது.

ஸ்வாப்பை மறுபடி உருவாக்கும்போதே எம்கே-ஸ்வாப் கட்டளைக்குப் பழைய யுயுஐடியைக் கொடுத்திருந்தால், எஃப்எஸ்டேப்பும் ரெசியூம் கோப்பும் திருத்தமின்றியே சரியாக இருந்திருக்கும். அதற்கென்றே ஒரு விருப்பம் அதில் இருக்கிறது. அடுத்த வாரம் வேறொரு கணினியில் இதே வேலை வந்தபோது அப்படித்தான் செய்தேன். மேம்படுத்தலைத் தொடங்குவதற்கு முன் ஒரு முறை ரீபூட் செய்து நேரத்தையும் குறித்துக்கொண்டேன். ஜெராக்ஸ் கடைக் கணினியின் கேபினட் உட்புறத்தில், யுயுஐடிகள் மூன்றையும் 14.3 என்ற எண்ணையும் எழுதிய தாள் ஒட்டப்பட்டிருக்கிறது.